40 ரூபாய் பேரிங்கும் 19 நாளும்: போடி சக்கர நாற்காலிப் பட்டறைக்கு நன்கொடை வேண்டுகிறோம்

போடிநாயக்கனூர் ஊராருக்கும், பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கும் நம்மவர்களுக்கும் வணக்கம். சக்கர நாற்காலிகளைப் பழுது பார்க்க, மாற்றுத்திறனாளிகளான நாங்கள் நம் ஊரிலேயே ஒரு பட்டறை தொடங்கப் போகிறோம்.

சிலமலைப் பக்கம் எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி இருக்கிறார். தையல் வேலை செய்கிறார். ரவிக்கை தைப்பதில் சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர். கிணற்றில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலிதான் அவருக்குக் கால். போன ஐப்பசியில், தீபாவளித் துணி குவிந்து கிடந்த நேரத்தில், நாற்காலியின் முன்பக்கச் சின்னச் சக்கரத்தில் பேரிங் உடைந்துபோனது. சைக்கிள் கடையில் அந்த அளவு இல்லை. பைக் மெக்கானிக், "இது நம்ம ஐட்டம் இல்லக்கா" என்று கைவிரித்துவிட்டார். மதுரைக்குக் கொடுத்துவிட்ட நாற்காலி திரும்பி வர 19 நாள் ஆயிற்று. அத்தனை நாளும் அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. தைக்க வந்த துணியெல்லாம் வேறு கடைக்குப் போய்விட்டது. அந்தப் பேரிங்கின் விலை 40 ரூபாய்.

இந்தக் கதை அவர் ஒருவருடையது இல்லை. நம் பகுதியில் மரம் ஏறாத தொழில் குறைவு. இலவங்காய் பறிக்க ஏற வேண்டும், தேங்காய்க்கு ஏற வேண்டும், மலைக்கு மேலே மிளகு பறிக்க ஏணி போட வேண்டும். விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறவர்களை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள். அப்படி விழுந்தவர்களும் வண்டி கவிழ்ந்து அடிபட்டவர்களும் எங்களில் பாதிப்பேர். மீதிப்பேர் போலியோக்காரர்கள். இந்தியாவில் கடைசியாகப் போலியோ வந்தது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில், போலியோ இல்லாத நாடு என்று சான்றும் வாங்கியாயிற்று. நல்லது. நோய் போய்விட்டது, காலைத் தாங்கும் சட்டமான காலிப்பரை மாட்டிய நாங்கள் இன்னும் இருக்கிறோமே! காலிப்பரின் தோல்வார் அறுந்தால் செருப்புத் தைக்கிற அண்ணன் தைத்துத் தருவார். முழங்கால் பூட்டு தேய்ந்துவிட்டால் நடுரோட்டில் கால் மடங்கிக் குப்புற விழ வேண்டியதுதான்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதுதானே என்பார்கள். கேட்டோம், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறவர்களில் எங்கள் ஆள் ஒருவராவது இருப்பார். நாற்காலி கொடுக்கிறார்கள், இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கொடுக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் கொடுத்த நாற்காலிக்குப் பேரிங் மாற்றித் தருகிற திட்டம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமூகத்தோடு சேர்ந்து சுதந்திரமாக வாழும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த உரிமை எங்கள் ஊரில் பல நாள் பஞ்சராகிக் கிடக்கிறது.

அதனால்தான் இந்தப் பட்டறை. குழுவில் 11 பேர். அதில் எட்டுப்பேர் நாற்காலியிலோ, காலிப்பரிலோ, ஊன்றுகோலிலோ நடமாடுகிறவர்கள். வேலை பார்க்கப் போகிற இரண்டு பேரும் எங்களில்தான். ஒருவர் முன்னாள் வெல்டர், இலவமரத்திலிருந்து விழுந்தவர். இன்னொருவர் பன்னிரண்டு வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பயன்படாமல் கிடந்த ஒரு இலவம்பஞ்சுக் கிட்டங்கியை (குடோனை)க் குறைந்த வாடகைக்குப் பத்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் ஊர்ப் பெரியவர் ஒருவர். பெயர் போடக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

கிட்டங்கித் தரை தெருவிலிருந்து ஒன்றரை அடி உயரம். ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. ஆக 18 அடிக்குச் சாய்தளம் கட்ட வேண்டும். அதைவிடச் செங்குத்தாகக் கட்டிவிட்டு, பின்னால் ஒரு ஆள் நின்று தள்ளட்டும் என்று விடுகிற வேலையை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். வேலை மேசையின் உயரமும் அப்படித்தான். உட்கார்ந்தபடி முழங்கால் உள்ளே நுழைகிற மாதிரி இருக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும், நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவரால் அது முடிந்ததென்றால், தோதான மேசை கிடைத்தால் எங்கள் வெல்டருக்கு ஒரு நாற்காலிச் சட்டம் பற்ற வைப்பது பெரிய காரியமா?

செலவுக் கணக்கு இது. சாய்தளம், தரை, கூரை மராமத்துக்கு 1,90,000 ரூபாய். வெல்டிங் மிஷின், கம்ப்ரசர், மற்ற கருவிகளுக்கு 1,15,000. டியூப், டயர், பேரிங், பிரேக், ஸ்போக், மெத்தைக்கான ஃபோம் என உதிரிச் சாமான் இருப்புக்கு 85,000. நாற்காலியோடு உள்ளே போய்த் திரும்ப இடமுள்ள கழிப்பறைக்கு 78,000. அடுத்ததுதான் எங்களுக்கு முக்கியமானது: இரவல் நாற்காலி ஆறு, ஒன்று 9,500 வீதம் 57,000. செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நிற்கலாம். நாற்காலியைக் கொடுத்துவிட்டு எங்கே நிற்பது? பழுது பார்த்து முடிக்கும்வரை ஓட்டிக்கொள்ள ஒன்று கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். ஆக மொத்தம் 5,25,000. எங்களுக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் சேர்த்தது 1,62,000. மீதி 3,63,000 ரூபாய்க்குத்தான் உங்கள் முன்னால் நிற்கிறோம்.

ஃபோம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு உட்காருகிற இடத்தில் உணர்ச்சி இருக்காது. கால்மணிக்கு ஒருதரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்காவிட்டால், அழுத்தம் பட்ட இடத்தில் ரத்த ஓட்டம் நின்று புண் வந்துவிடும். வலிக்காது என்பதால் வந்ததே தெரியாது. மெத்தை அமுங்கித் தட்டையாகிவிட்டால் இன்னும் சீக்கிரம் வரும். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும். சில சமயம் உயிரையே வாங்கிவிடும். ஃபோம் மாற்றும் செலவு சில நூறு ரூபாய்தான்.

கூலி வாங்குவதா இலவசமா என்று குழுவுக்குள் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் கூலி வாங்குவது என்று முடிவு செய்தோம். பஞ்சருக்கு 30 ரூபாய், மற்றதுக்குச் சாமான் விலையும் சின்னக் கூலியும். மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகையில் வாழ்கிறவரிடம் காசு கேட்கலாமா என்று மூன்று பேர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்காக, முடியாதவருக்குக் கடன் நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். ஆனால் காசு கொடுத்தவர்தான், "என்னப்பா, பிரேக் இன்னும் பிடிக்கல" என்று சத்தம் போடுவார். தானம் வாங்கியவர் வாய் திறக்க மாட்டார். எங்களுக்குச் சத்தம் போடுகிற வாடிக்கையாளர்கள் வேண்டும்.

பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடலாமா என்று சிலர் அன்போடு கேட்கிறீர்கள். சாப்பாடு வீட்டில் இருக்கிறது. அந்தக் காசுக்கு ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாங்கியதும் உங்களை நிற்கவைத்துப் போட்டோ எடுக்க மாட்டோம், எங்களையும் எடுக்காதீர்கள். 500 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. எங்களிடம் 80ஜி சான்று இல்லை. அதனால் வருமான வரிக் கழிவு கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வங்கிக் கணக்கு மூன்று பேர் பெயரில் இருக்கிறது. இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. வரவு செலவை மாதா மாதம் 5ஆம் தேதி கிட்டங்கி வாசல் கரும்பலகையில் எழுதிப் போடுவோம். சந்தேகம் வந்தால் உள்ளே வந்து நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

பணமாகத்தான் என்று இல்லை. கொத்தனார் அண்ணன்மார் இரண்டு நாள் வேலை கொடுத்தால் சாய்தளக் கூலி மிச்சம். தாத்தா, பாட்டி காலமான வீட்டில் பரண்மேல் பழைய சக்கர நாற்காலி கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். துருப்பிடித்திருந்தாலும், ஒரு சக்கரமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லிவிட்டால் ராசிங்கபுரமோ தேவாரமோ குரங்கணியோ, எங்கள் மூன்று சக்கர ஸ்கூட்டர் வந்து எடுத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
பட்டறைக் குழுவினர்,
போடிநாயக்கனூர்