பைரோ வேண்டாம், டி-23 போதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மாடி அறையை டார்க்ரூம் ஆக்கிவிட்டாயாமே! வீட்டில் சொன்னேன், "ரிட்டயர் ஆனவர்கள் எல்லோரும் இப்படித்தான்" என்றாள் என் மனைவி. பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றல், அதனால் அவன் அறை முழுக்க இப்போது என் பாட்டில்கள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரை நீயே கலக்க, பைரோவில் ஆரம்பிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம்டா. அதில் இருக்கிற பைரோகாலால் என்ற பொருள் தோல் வழியாகவே உள்ளே போகிற நஞ்சு, எடை போடும்போது தூள் மூக்கில் ஏறினால் இன்னும் மோசம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் ஏபிசி பைரோ என்ற வகையில் டெவலப் செய்தார் என்பதெல்லாம் நமக்கு ஒரு காரணமா?

முதலில் கோடாக்கின் டி-23 டெவலப்பரைக் கலந்து பார். மொத்தமே இரண்டு பொருள்: 750 மில்லி நீரை 50 டிகிரி சூட்டில் எடுத்துக்கொள், 7.5 கிராம் மெட்டால் (படத்தை வெளிக்கொண்டுவருவது இதுதான்), அது கரைந்த பின் 100 கிராம் சோடியம் சல்ஃபைட், பிறகு குளிர்ந்த நீர் ஊற்றி ஒரு லிட்டர். வரிசையை மாற்றாதே, சல்ஃபைட் நிறைய இருக்கிற நீரில் மெட்டால் லேசில் கரையாது. ஆனால் மெட்டால் போடுமுன் ஒரே ஒரு சிட்டிகை சல்ஃபைட் போட்டுக்கொண்டால் அது காற்றில் கெடாமல் இருக்கும். தனியாகக் காரம் எதுவும் சேர்க்க வேண்டாம், அந்தச் சல்ஃபைட்டே போதிய காரம் தருகிறது, ஃபிலிமில் இருக்கிற வெள்ளி உப்பைக் கொஞ்சம் கரைத்து, படத்தில் பொடிப்பொடியாகத் தெரிகிற கிரெயினையும் மென்மையாக்குகிறது. 1927-இல் வந்த கோடாக்கின் இன்னொரு டெவலப்பரான டி-76-இலும் இதே 100 கிராம்தான். ஆனால் அதில் ஹைட்ரோகுவினோன் என்ற இன்னொரு டெவலப்பிங் பொருளும் போராக்ஸ் என்ற காரமும் உண்டு, வைக்க வைக்க அதன் காரம் ஏறி வேகம் கூடிவிடும்.

பழைய புத்தகக் குறிப்புகளில் ஒரு பொறி இருக்கிறது. சல்ஃபைட் 'கிரிஸ்டல்' என்று போட்டிருந்தால் அதில் பாதி எடை நீர், இப்போது கடையில் கிடைக்கிற நீரற்ற தூள் என்றால் அந்த எடையில் பாதி போட்டால் போதும். சல்ஃபைட், சல்ஃபேட், சல்ஃபைடு மூன்றும் வேறு வேறு, டப்பாவில் பெயரை ஒருமுறைக்கு இருமுறை படி (சல்ஃபேட்டுக்கும் வேலை உண்டு, வெயில் நாடுகளுக்கான டெவலப்பர்களில் ஃபிலிம் மேல் பூசிய ஜெலட்டின் ஊதாமல் இருக்க அதைத்தான் சேர்ப்பார்கள்).

அந்தக் குறிப்புகளில் டெவலப் செய்கிற நேரமெல்லாம் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கணக்குப் போட்டவை. நம் குழாயில் மே மாதம் வருவது வெந்நீர் மாதிரி இருக்கும்! பெரிய பேசினில் ஐஸ் கட்டி போட்டு ஃபிலிம் டேங்கை அதில் நிறுத்து. டெவலப்பரை மட்டும் குளிர வைத்துவிட்டுக் கழுவுகிற நீரைச் சூடாக விடாதே, எல்லாமே ஒரே சூட்டில் இருக்கட்டும்.

மெட்டால் சிலருக்குக் கையில் அரிப்பு கொடுக்கும், கையுறை போட்டுக்கொள். அப்புறம் தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்