ஆணி அடிக்காத செருப்புகள்: ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து தோள்கொடுத்த அன்பர்களுக்கும் ஆம்பூரிலிருந்து எழுதிக்கொள்வது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், ஆலயத்தின் பின்புறம், கால் மரத்துப்போனவர்களுக்குச் செருப்பு தைத்துக் கொடுக்கும் செருப்பு அறையின் சாவியை என் இடத்துக்கு வரும் தம்பியிடம் ஒப்படைக்கப் போகிறேன். எனக்கு அறுபத்தொன்பது வயதாகிறது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. கத்தி பிடிக்கிற கட்டைவிரல் காலையில் மடங்க மறுக்கிறது. சாவி கொடுக்கும்போது நாலு வார்த்தை பேசும்படி ஆயர் ஐயா கேட்டார். மேடை ஏறினால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே எழுத்து.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் இயேசு பத்து தொழுநோயாளிகளைக் குணமாக்குகிறார். ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொல்கிறான். "சுத்தமானவர்கள் பத்துப்பேர் அல்லவா, மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று ஆண்டவர் கேட்கிறார். அந்த ஒன்பது பேரையும் நன்றி கெட்டவர்கள் என்று திட்டியே ஞாயிறு பள்ளியில் எங்களை வளர்த்தார்கள். இப்போது எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் இரக்கம் வருகிறது. பல வருடம் ஊருக்கு வெளியே கிடந்தவன், பிள்ளை முகம் பார்க்க வீட்டுக்கு ஓடியிருப்பான். நானும் பன்னிரண்டு வருடம் வேலை அவசரத்தில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லாமல் ஓடிக்கொண்டே இருந்துவிட்டேன். பிந்தித் திரும்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாலிப வயதில் ஷூ கம்பெனிக்குப் போனவன் நான். முப்பத்தொரு வருடம் அட்டை வெட்டினேன், சோல் ஒட்டினேன். எல்லாம் ஏற்றுமதி. எந்த ஊர்க் கால் அதில் நுழையும் என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை. ஞாயிறு தவறாமல் ஆலயம், மாதம் தவறாமல் தசமபாகம், பாடகர் குழுவில் கட்டைக் குரல். திங்கட்கிழமை காலை சைரன் ஊதினால் அதெல்லாம் வேறு, இது வேறு. பிறகு கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தது. கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கொடுத்த பணத்தில் மகள் கல்யாணம் முடிந்தது. நான் திண்ணையில் உட்கார்ந்தேன்.

ஏறக்குறைய இரண்டு வருடம் உட்கார்ந்தேன். "ஜீவன் உண்டாயிருக்கவும் அது பரிபூரணப்படவும் வந்தேன்" என்ற வசனம் எங்கள் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். ஜீவன் இருக்கிறது, காலையில் காபி இருக்கிறது, பரிபூரணம் எங்கே என்று கேட்பேன். ஜெபம் பண்ணாமல் இல்லை. என் ஜெபம் முழுவதும் 'எனக்கு' என்றே தொடங்கி 'எனக்கு' என்றே முடியும் என்பது அப்போது தெரியவில்லை.

அந்தத் திண்ணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர் அப்போதைய எங்கள் ஆயர். அவருக்கு முதல் நன்றி. பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார். "சோல் ஒட்டத் தெரியும்" என்றேன். "நம் பக்கத்துக் கிராமங்களில் காலில் உணர்ச்சி இல்லாதவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா?" என்றார். தெரியாது. மறுநாள் என்னைத் தன் வண்டியின் பின்னால் உட்காரவைத்துக் காட்பாடிப் பக்கம் அழைத்துப் போனார்.

கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியின் செருப்புப் பிரிவில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். என் இரண்டாம் குரு அவர். தொழில் எனக்கு முப்பது வருடமாகத் தெரியும் என்ற திமிரோடு போனேன். அரை மணி நேரத்தில் அது இறங்கிவிட்டது.

தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குகிறது. கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களில் வந்தபின் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ நோய் குணமாகிவிடுகிறது, மருந்தும் இலவசம். ஆனால் செத்த நரம்பு உயிர் பெறுவதில்லை. கால் மரத்தது மரத்ததுதான். சிறு கல் ஏறினாலும் தெரியாது, அடுப்பு நெருப்பு சுட்டாலும் தெரியாது. சதை தானாக அழுகிப்போவதில்லை, வலி தெரியாததால் ஓயாமல் அடிபட்டே கால் கெடுகிறது என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் பொறுமையாக நிரூபித்தார்கள். இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்ததுகூடத் தெரியாமல் இருந்தவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்த கதையைப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கற்றுக்கொடுத்த செருப்பு எளிமையானது. உள்ளே மெத்தென்ற நுண்துளை ரப்பர். எம்.சி.ஆர். என்பார்கள், கட்டைவிரலால் அழுத்தினால் பாதி அமுங்கி உடனே எழ வேண்டும். அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். டயர்த் துண்டு கிடைத்தால் உத்தமம். பின்வார் கட்டாயம். உணர்ச்சியற்ற காலிலிருந்து செருப்பு கழன்று போனாலும் ஆள் வெறுங்காலோடு நடந்துகொண்டே இருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கும் ஆணி கூடாது. ஒட்டலாம், தைக்கலாம். ஆணி மட்டும் கூடாது.

இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்து நான் செய்த பாவத்தை இங்கே எழுதத்தான் வேண்டும். அறை திறந்த முதல் மாதம் பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் ஆயா வந்தார். வலது காலில் மூன்று விரல்கள்தான். பழுப்புத் தாளை விரித்து, காலை அதன்மேல் வைத்து, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றி வரைந்தேன். சனிக்கிழமை செருப்பு தயார். பின்வார் ஓரிடத்தில் பசை பிடிக்கவில்லை. கம்பெனிப் பழக்கம், கை தானாக டப்பாவுக்குப் போய்விட்டது. அரை அங்குல ஆணி, ஒன்றே ஒன்று. மேலே தோல் துண்டை ஒட்டி மறைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஆயாவே வந்தார். செருப்பைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். ஆணி உள்பக்கமாக நிமிர்ந்து, ரப்பரைத் துளைத்து நின்றது. குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். எத்தனை நாள் அதன்மேல் நடந்தாரோ, அவருக்கே தெரியாது. செருப்பில் ரத்தத்தைப் பார்த்து யாரோ சொன்னபிறகுதான் தெரிந்ததாம். நான் வாய்திறக்கவில்லை. அறையைப் பூட்டிவிட்டு மறுபடியும் திண்ணைக்கே போய்விடலாம் என்று தோன்றியது. ஆயா என் மேசைமேல் செருப்பை வைத்து, "இந்த ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறே தைத்துக் கொடு சாமி, புண் ஆறியதும் வருகிறேன்" என்றார்.

நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று ஆறுவதற்கு. வந்தார். பத்து வருடம் வந்துகொண்டே இருந்தார். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய மறுநாள் தூக்குவாளியில் எனக்கும் கொண்டுவருவார். நான் வாங்கிக் குடித்தது சபையில் ஒருசிலருக்குப் பிடிக்கவில்லை என்று கேள்வி. எனக்கு மன்னிப்பு கிடைத்தது அந்த ஆயாவிடமிருந்து. அதை ஆண்டவர் யார் கையில் கொடுத்து அனுப்பினால் எனக்கென்ன? இந்த மடலில் யாருக்கு நன்றி பெரிது என்று கேட்டால் அவருக்குத்தான். போன ஆடிக்குமுன் காலமாகிவிட்டார். அவர் கால் வரைந்த பழுப்புத் தாள் இன்னும் அறைச் சுவரில் இருக்கிறது. தம்பி, அதைக் கிழித்துவிடாதே.

அன்றிலிருந்து அந்த அறையில் ஆணி டப்பா கிடையாது.

தோல் ஷாப் வைத்திருக்கும் பாய்க்கு நன்றி சொல்ல எனக்குத் தமிழ் போதாது. வார் வெட்டுவதற்கு வேண்டிய தோல் துண்டுகளைப் பன்னிரண்டு வருடமாகக் காசு வாங்காமல் கொடுக்கிறார். முதல் தடவை விலை கேட்டபோது, "செருப்பு யாருக்கு?" என்றார். சொன்னேன். அதற்கப்புறம் கணக்கு நோட்டையே திறக்கவில்லை. ரமலானில் நோன்புக் கஞ்சி வேறு வீட்டுக்கு வந்துவிடும். (ஆடிக் கூழ், நோன்புக் கஞ்சி, கிறிஸ்துமஸ் கேக் மூன்றும் சாப்பிட்டவனுக்குச் சர்க்கரை வராமல் என்ன செய்யும் என்கிறார் என் மனைவி.)

பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார்களுக்கு நன்றி. தேய்ப்பு இயந்திரம் வாங்கப் பணம் போதாமல் நின்றபோது, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு கோழிமுட்டையை வைத்துச் சாதித்தார்கள். எடுத்தவர் பணம் கட்டிவிட்டு முட்டையைத் திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம். இப்படிப் பதினேழு தடவை கை மாறிய முட்டை அது. கடைசியில் எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். இயந்திரம் இன்னும் ஓடுகிறது.

குடியாத்தம் பஸ்ஸில் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு போய், நிறுத்தத்தில் காத்திருப்பவர் கையில் கொடுத்த நடத்துநர்களுக்கும், கால் பரிசோதனைக்கு வந்துபோன ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் சகோதரிக்கும் நன்றி. அந்தச் சகோதரி நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்பதைப் பார்த்துத்தான் என் காலையும் நீட்டினேன். இரண்டு இடத்தில் எனக்கே தெரியவில்லை. பத்து வருடச் சர்க்கரை. இப்போது என் காலிலும் என் கையால் தைத்த செருப்புதான். தினமும் இருபது நிமிடம் தண்ணீரில் கால் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, ஈரத்தோடு எண்ணெய் தடவு என்று ஊருக்கெல்லாம் சொன்னதை நானும் செய்கிறேன். சென்ற வருடம் அறைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள்.

தொழுநோய் ஒழிந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்த அறை என்று கேட்கிறவர்கள் உண்டு. அரசு அறிவித்தது, 2005 டிசம்பரில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே நோய் இறங்கியதைத்தான். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவோரில் பாதிக்கு மேல் இன்றும் நம் நாட்டில்தான் இருக்கிறார்கள். குணமானவர்களின் மரத்த கால்களோ இந்தக் கணக்குகளில் வருவதில்லை.

ஆயர் ஐயாவிடம் ஒரு விண்ணப்பம், நன்றி மடலில் சொல்லக்கூடாதுதான். வேதபாடம் வாசிக்கும்போது 'குஷ்டரோகி' என்று வருகிற இடத்தில், பின்வரிசையில் நான்கு பேர் தலை குனிவதைப் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். பழைய மொழிபெயர்ப்பு என்மேல் கோபப்படாது. 'தொழுநோயாளி' என்றே வாசிக்கலாமே.

அறையை ஆலய வளாகத்தில் திறக்கக் கூடாது என்று எதிர்த்தவர்களுக்கும் நன்றி. அவர்களில் ஒருவர் சென்ற மாதம் தன் தாயாரை அழைத்துக்கொண்டு அளவு கொடுக்க வந்தார். பேசிக்கொள்ளவில்லை. அம்மாவின் கால் மிகச் சிறியது.

என் வீட்டம்மாவுக்கு நான் நன்றி சொன்னால் உடம்புக்கு என்ன என்று கேட்பார். பசை நாற்றத்தோடு வருகிறவனுக்குப் பன்னிரண்டு வருடம் சாப்பாடு போட்டார். வார்களுக்கு ஓரம் தைத்ததில் பாதி அவர் கைத் தையல். சட்டம் போட்ட அந்த வசனத்தை இப்போது பார்த்தால் எரிச்சல் வருகிறதா என்று போன வாரம் கேட்டார். அதைப் பார்த்தே நாளாயிற்று என்றேன். காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுகிறேன் அல்லவா.

நோட்டில் 1,846 ஜோடி எழுதியிருக்கிறது. அடுத்த எண்ணைத் தம்பி எழுதுவான். அறை வழக்கம்போல் புதன், சனி காலை பத்து மணிக்குத் திறக்கும். அளவு கொடுக்க வருகிறவர்கள் பழைய செருப்பைத் தூக்கி எறியாமல் கூடவே கொண்டுவாருங்கள். கால் எங்கே அழுந்துகிறது என்பது அதன் தேய்மானத்தில்தான் தெரியும்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் சகோதரன்,
செருப்பு அறைக்காரன்