சுவரொட்டியும் சத்து மாத்திரையும்

மேடவாக்கம்,
ஞாயிறு இரவு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்கு முழங்கால் வலியைக் காரணம் சொல்லலாம். கடிதம் எழுத முழங்கால் எதற்கு என்று நீ கேட்பாய். உண்மை என்னவென்றால், ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேலை கூடிவிட்டது.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் பெரும்பாக்கம் குடியிருப்புகள். கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தியிருக்கிறார்கள், எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அங்குள்ள மகளிர் குழுவினர், நான் நர்சாக இருந்தவள் என்று யாரோ சொல்லக் கேட்டு, வந்து பேசச் சொன்னார்கள். நானும் பரணில் கிடந்த பட அட்டைகளைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் என்று சொல்லிவிட்டேன். ஆறு பாட்டிகள் வந்தார்கள், ஒரு கைக்குழந்தையும் வந்தது. யாருக்காகப் போனேனோ அந்தப் பெண்கள் விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வீட்டு வேலைக்கும், பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் துப்புரவு வேலைக்கும் போய்விட்டிருந்தார்கள். நம் காலத்துக் கூட்டங்கள் எல்லாமே பதினொரு மணிக்குத்தானே? பதிவேட்டில் எழுதி முடித்து மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப நமக்குத் தோதான நேரம் அது. அவர்களுக்குத் தோதா என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது இரவு எட்டு மணிக்கு, மாடிப்படி அடியில் உட்காருகிறோம். பாதிப் பேர் பூண்டு உரித்துக்கொண்டே கேட்கிறார்கள். பட அட்டைகள் மறுபடி பரணுக்குப் போய்விட்டன.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒருத்தி வந்தாள். முப்பத்துநாலு வயது, மூன்று பிள்ளைகள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்றாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்த சீட்டைக் காட்டினாள்: ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாது. "இரும்புச்சத்து மாத்திரை போடுகிறாயா?" என்றேன். "தினமும் போடுகிறேன் நர்சம்மா" என்றாள். பழைய நானாக இருந்தால், பொய் சொல்கிறாய் என்று அங்கேயே ஒரு பாட்டம் திட்டியிருப்பேன். அன்று என்னவோ, காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறாய், வரிசையாகச் சொல் என்றேன். நாலரைக்கு எழுந்திருக்கிறாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று, மாத்திரையை டீயோடு விழுங்குகிறாள். அதன்பின் பத்து மணிவரை வயிற்றுக்குள் போவது இன்னும் இரண்டு டீ மட்டுமே.

டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பது உனக்கும் எனக்கும் பயிற்சிப் பள்ளியிலேயே சொன்ன பாடம். முப்பது வருடம் மாத்திரையை எண்ணி எண்ணிக் கொடுத்த எனக்கு, எதோடு விழுங்குகிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே! இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, அரை மூடி எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரில் பிழிந்து குடி, டீ பக்கத்திலேயே வேண்டாம் என்றேன். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்றும் முன்கூட்டியே சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டதால்தான் எத்தனையோ பேர் மாத்திரையைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். கர்ப்பிணிகள் இதைச் சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்ற பேச்சு இங்கேயும் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கிற யாருடைய பிள்ளையைச் சுண்ணாம்பு தின்று வெள்ளையாகப் பெற்றீர்கள் என்று ஒரு பாட்டி கேட்டுவிட்டாள். என் பட அட்டைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அதே பாட்டிதான் அடுத்த பாடத்தையும் எடுத்தாள். நான் பேரீச்சம்பழம், அத்திப்பழம் என்று அளந்துகொண்டிருந்தேன். "அதெல்லாம் யார் வாங்குவது? கறிக்கடையில் சுவரொட்டி கேட்டு வாங்கி, மிளகு போட்டு வதக்கிக் கொடு. எங்கள் அம்மா பிள்ளை பெற்றவளுக்கு அதைத்தான் கொடுப்பாள்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலில் இருக்கும் அளவு இரும்புச்சத்து கீரையில் இல்லை. அது உடம்பில் சேர்வதும் சுலபம். என் அட்டையில் பீட்ரூட் படம் பெரிதாக இருக்கிறது, சிவப்பாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக!

அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதத்தில் 10.4 ஆகியிருக்கிறது. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 2015-16இல் நம் மாநிலப் பெண்களில் 100க்கு 55 பேருக்கு ரத்தசோகை. 2019-21இல் 53 பேருக்கு. இத்தனை மாத்திரை கொடுத்தும் இவ்வளவுதான் இறங்கியிருக்கிறது. காரணங்கள் பல இருக்கும். அந்த டீயும் அதில் ஒன்று என்று எனக்கு இப்போது படுகிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு இன்னும் ஆள் சேரவில்லை. உன் திண்டுக்கல் கதையைத்தான் சொல்லிப் பார்த்தேன். 2000இல் தொடங்கி உங்கள் பக்கத்துக் கிராமங்களில் நர்சுகளே நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மை படர்கிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்களே, அது. பரிசோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு என்று 2007இல் முடிவு வந்தபோது நீ எனக்குத் தொலைபேசியில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. இவர்களிடம் சதவீதம் எடுபடவில்லை. பார்ப்பது ஆணா பெண்ணா, அறைக்குக் கதவு இருக்கிறதா, ஒருநாள் கூலி போகுமா, வெள்ளையாகத் தெரிந்தால் புற்றுநோயா என்றுதான் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடிந்தது: இல்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம். மற்ற மூன்றுக்கும் அடுத்த வாரம் நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். நீ அப்போது உன் ஊர்ப் பெண்களை எப்படி வண்டி ஏற்றினாய்? விவரமாக எழுது. கணவன்மாரிடம் முதலில் பேசினாயா, மாமியார்களிடமா?

வேலை செய்யும் இடத்தில் கழிப்பறைக்குப் போக முடியாது என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்களாம். நீர்க்கடுப்பு இல்லாத பெண்ணே இல்லை. இதற்கு நான் யாருக்கு அறிவுரை சொல்ல? தண்ணீர் குடி என்று அவளிடம் சொல்வது அநியாயமாக இருக்கிறது.

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நீ பொங்கலுக்கு வரும்வரை இருக்கும். வரும்போது ஒட்டன்சத்திரத்திலிருந்து முருங்கைப் போத்து நாலைந்து வெட்டி, சாக்கில் சுற்றி எடுத்து வா. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கொஞ்சம் வெற்றிடம் கிடக்கிறது; பாட்டி ஏற்கெனவே குழி தோண்டி வைத்துவிட்டாள். கீரையை நம்பி மாத்திரையை விட்டுவிடுவார்களோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம், அதை நீயே வந்து அவளிடம் சொல். நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

உன் பழைய
விடுதி அறைத்தோழி