உன் மூத்தவனுக்கும் படித்துக் காட்டு

ஈசூன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பங்காளி,

பொங்கலுக்கு நீ அனுப்பிய படத்துக்குக்கூட நான் பதில் போடவில்லை. கோபமாகத்தான் இருப்பாய், நியாயம்தான். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி குரல் பழைய வெண்கலம்தான். நம் நண்பன் நெட்டை, பார்த்த வேலையை விட்டுவிட்டு டாக்சி ஓட்டப் போகிறானாம். வாழைப்பழ விஷயத்தை அவன் இன்னும் மறக்கவில்லை, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். உன் மூத்த மகன் பழைய மைவி கார் ஒன்று வாங்கியிருக்கிறான், சைலன்சரை அறுத்துவிட்டு நேர்க்குழாய் போட 250 ரிங்கிட் கேட்கிறான், கொடுக்கலாமா என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொல்கிறாய். ஒரு வார்த்தையில் முடிகிற காரியமாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நான் இதைச் செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை. வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை.

என் வண்டி உனக்குத் தெரியும். 1.6 லிட்டர், வயது 13. சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான அனுமதியை, 5 வருடத்துக்குத்தான் புதுப்பித்தேன், அப்படிப் புதுப்பித்தால் அதோடு சரி, மறுபடி நீட்டிக்க முடியாது. இன்னும் 14 மாதம் இருக்கிறது. அப்புறம் இரும்புக்கடைக்கோ கப்பலுக்கோ போய்விடும். அதற்குள் ஒரு தடவையாவது அது வாயைத் திறந்து பாடட்டும் என்று எனக்கு ஆசை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பாவின் டாக்சி, கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. அது புளோக் முனையில் திரும்பும்போதே அந்த டீசல் சத்தம் நமக்குக் கேட்கும். கேரம் போர்டு கட்டிலுக்கு அடியில் போகும், கணக்குப் புத்தகம் மேலே வரும். நீ எப்போதும் தலைகீழாகத்தான் திறப்பாய், அடி எனக்கும் சேர்ந்து விழும். அவர் போய் எத்தனை வருடம் ஆயிற்று, அந்தச் சத்தத்தை இன்றைக்குக் கேட்டாலும் நான் நிமிர்ந்து உட்காருவேன். மனிதன் வருவதற்கு முன்னால் அவன் வண்டியின் குரல் வந்து சேர்கிறதே, அதுதான் எனக்குப் பிடிக்கும். இன்றைக்குக் கார்ப்பார்க்கில் வந்து நிற்கிற வண்டி எதற்கும் குரலே இல்லை.

முறையாகச் செய்ய வேண்டும் என்றால் இங்குள்ள நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவின் ஒப்புதலுக்குப் போகிற, சான்றிதழோடு வருகிற சைலன்சர் வாங்க வேண்டும். விலையைக் கேட்டேன். 14 மாத வண்டிக்கு அவ்வளவா என்று மனசு கணக்குப் போட்டது. தெரிந்தவர் ஒருவர் ஓர் ஒர்க்‌ஷாப்பைக் காட்டினார், பெயர் வேண்டாம். புகைக்குழாயின் நடுவில் சத்தத்தை அடக்குகிற ரெசனேட்டரை அறுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் குழாய். 140 சிங்கப்பூர் வெள்ளி, 40 நிமிடம், ரசீது கிடையாது. ஒப்புதல் இல்லாமல் புகைக்குழாயைத் தொடுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

முதல் நாள் இரவு கார்ப்பார்க்கின் நாலாவது மாடிக்கு ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. சொன்னால் நம்பு, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாளே தலைவலி ஆரம்பித்தது. விரைவுச்சாலையில் 90ல் போகும்போது என் வண்டி 2400 சுற்றில் ஓடும். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். கணக்குப் போட்டுப் பார், விநாடிக்கு 80 வெடிப்பு. இந்த 80 அதிர்வைத்தான் அந்த ரெசனேட்டர் விழுங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் வண்டிக்கூடு முழுக்க 'ம்ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் ரீங்காரம். கண்ணாடியை இறக்கினால் குறையும், ஏற்றினால் காதுக்குள் விரலை விட்டுக் குடைகிற மாதிரி இருக்கும். வண்டிக்காரர்கள் இதை 'டுரோன்' என்பார்கள். வேகமாக மிதிக்கும்போது இருக்கிற அழகு, ஒரே வேகத்தில் அரை மணி நேரம் போகும்போது இல்லை. நாம் வண்டி ஓட்டுவதெல்லாம் ஒரே வேகத்தில்தானே! இரண்டாம் மாடியில் கைக்குழந்தை வைத்திருக்கிற மலாய்க்கார அக்கா ஒன்றும் சொல்லவில்லை, லிஃப்டில் பார்த்துச் சிரிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

இதோடு நின்றிருந்தால்கூட நான் விட்டிருப்பேன்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை அம்மாவைச் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனேன். சிடிஇ விரைவுச்சாலையில் நெரிசல், வண்டி ஊர்கிறது. அம்மா பின்னால் உட்கார்ந்து முதலில் சுலோகம் சொல்லிக்கொண்டு வந்தார். அப்புறம் சத்தத்தைக் காணோம். கண்ணாடியில் பார்த்தேன், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. "என்னம்மா?" என்றேன். "தலை கிறுகிறுங்குதுடா, குமட்டுது" என்றார். நான்கு கண்ணாடியையும் இறக்கினேன். கோயில் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும் தெளிந்துவிட்டார், மருத்துவரிடமும் காட்டியாயிற்று, பயமில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடம் என் கை ஸ்டியரிங்கில் நிற்கவில்லை, பங்காளி.

மறுநாள் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் படுத்தேன். அந்த 140 வெள்ளி வெல்டிங்கைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம். விரலால் தொட்டால் கண்மை மாதிரி ஒட்டியது. பற்றவைத்த இடத்தில் தலைமுடி அளவு வெடிப்பு, அது வழியாகப் புகை கசிந்து அடித்தட்டில் படிந்திருக்கிறது. வண்டி ஊரும்போது அந்தப் புகை பின்னால் போகாமல் அங்கேயே தேங்கும், தரையில் இருக்கிற ரப்பர் அடைப்புகள் இற்றுப்போயிருந்தால் உள்ளே ஏறும். அதில் இருக்கிற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காருகிற இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் அதைப் பெருமளவு குறைத்துவிடும் என்பது உண்மைதான். 13 வயதுக் கன்வர்ட்டரை நம்பி அம்மாவைப் பின்னால் உட்கார வைக்க முடியுமா?

அப்புறம் காக்கி புக்கிட்டில் ஒரு சீன அங்கிளிடம் போனேன், வயது எழுபதுக்கு மேல். எஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாயின் வாலில் ஈரத்துணியை ஒரு விநாடி அமுக்கிப் பிடித்தார். வெளியே போக வழியில்லாத புகை வெடிப்பில் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறியது. "கேட்டாயா?" என்கிற மாதிரி என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மூலையில் கிடந்த பழைய ரெசனேட்டர் ஒன்றைப் பிளந்து வைத்திருந்தார், அதைக் காட்டினார். உள்ளே சல்லடை போலத் துளை போட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. சத்தம் துளை வழியாகப் பஞ்சுக்குள் போய்ச் சூடாகி அடங்குகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். இதைத்தான் நான் 140 வெள்ளி கொடுத்து அறுத்து எறிந்தேன்.

ஒரிஜினல் அளவில் ரெசனேட்டர், குழாயைத் தாங்குகிற புது ரப்பர் தொங்கல்கள், டிக் வகை வெல்டிங், எல்லாம் சேர்த்து 380 வெள்ளி ஆயிற்று. பத்து வயது தாண்டிய வண்டி, வருடா வருடம் பரிசோதனைக்குப் போயாக வேண்டும், போன வாரம் போய்த் தேறியது. வண்டி பழையபடி அமைதியாகிவிட்டது. எனக்கு வருத்தம்தான், மறைக்க மாட்டேன்.

உன் மூத்தவனைத் திட்டாதே. சத்தத்துக்கு ஆசைப்படுவது குற்றமில்லை, உன் அப்பாவின் பேரன் வேறு என்ன கேட்பான்! ஆனால் அந்த 250 ரிங்கிட்டைக் கொடுக்காதே. முதலில் வண்டியைத் தூக்கிக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல். பழைய மைவியில் தொங்கல் ரப்பர் கட்டாயம் இற்றிருக்கும், அதை மாற்றினாலே பாதி உதறல் போய்விடும். நடு ரெசனேட்டரையும் கன்வர்ட்டரையும் யார் சொன்னாலும் தொடக் கூடாது. குரல் மாற வேண்டும் என்றால் கடைசியில் இருக்கிற சைலன்சர் பெட்டியை மட்டும் மாற்றலாம். அதுவும் உங்கள் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் விதிக்குள் வருமா என்று கேட்டுவிட்டு, வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் பூட்டுகிற மாதிரி. பழைய பெட்டியை எறியாமல் வைத்திருந்தால் பிடிக்காதபோது திருப்பிப் பூட்டிக்கொள்ளலாம். அந்த 1.3 எஞ்சினுக்குக் குழாயைப் பெரிதாக்க வேண்டாம், வெற்றுத் தகரடப்பா மாதிரிதான் கேட்கும். நல்ல பெட்டிக்குக் காசு போதவில்லை என்றால் ஆறு மாதம் சேர்க்கட்டும். குறைகிற காசை நான் தருகிறேன், இந்த வரியை மட்டும் அவனுக்கு இப்போது படித்துக் காட்டாதே.

வண்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல், முக்கியமாக மூட்டுகளை. எங்காவது கறுப்புத் தெரிந்தால் அன்றைக்கே என்னைக் கூப்பிடட்டும், இரவு எத்தனை மணி ஆனாலும் சரி. அதுவரை உன் வீட்டுக்காரியையும் சின்னவளையும் அதில் ஏற்றாதே.

அடுத்த மாதம் நீண்ட விடுமுறை வருகிறது. கடற்பாலத்தில் கூட்டம் சேர்வதற்குள் விடியற்காலையில் கிளம்பி ஈப்போ வருகிறேன், அம்மாவும் வருகிறார். தங்கைச்சி போடுகிற நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் எடுத்து வைக்கச் சொன்னார்.

உன்
பங்காளி