ஆலயக் கூரைத் திருப்பணி நிறைவு: சபையாருக்குக் கமிட்டியின் அறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு,

கூரை வேலை முடிந்தது. அடுத்த மழைக்கு முன்னே முடிந்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பழைய கூரை, 2008 மே மாதம் மியான்மரைத் தாக்கிய நர்கிஸ் புயல் பிடுங்கிப்போட்ட பிறகு, நம் யாங்கூன் ஆலயத்துக்கு அவசரத்துக்கு அடித்த தகரம்; இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது. வடபக்கக் கைமரங்கள் தேக்கு என்று பழைய கணக்கில் எழுதியிருக்கிறது. ஆசாரி உளிப்பிடியால் தட்டியதும் கரையான் தின்ற மாவு கொட்டியது. தேக்கு அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

2025 ஏப்ரலில் முடியவேண்டிய வேலை ஏன் இவ்வளவு இழுத்தது என்று பலர் கேட்டீர்கள், சிலர் கோபமாகவே. மார்ச் 28-ல் சகாயிங், மண்டலே பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்தபோது, நம் புதுத் தகரம் வளாகத்தில் வந்து இறங்கியிருந்தது. அங்கே ஜனங்கள் வீட்டுக்குள் போகப் பயந்து தெருவோரம் வெயிலில் கிடந்தார்கள். “ஆலயத்துக்கென்று கொடுத்த காணிக்கை, வேறெதற்கும் எடுக்கக்கூடாது” என்று கமிட்டியிலேயே இருவர் சொன்னார்கள். நியாயமான பேச்சுதான். ஆனாலும், இல்லாதவனுக்கு வேண்டியதைக் கொடாமல் வாய்வார்த்தை மட்டும் சொன்னால் பிரயோஜனம் என்ன என்று கேட்கிற யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரத்தை வாசிக்கிற சபை, தகரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு ஜெபத்தை மட்டும் அனுப்புவது எப்படி? தகரம் முழுவதும் லாரியில் மண்டலே போயிற்று. சபைக்கூட்டம் கூடும்வரை காத்திருக்கவில்லை. அந்த முடிவுக்குக் கமிட்டியே பொறுப்பு.

அந்த மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்கடியில்தான் ஆராதனை. பாட்டு முடியும்வரை ஆர்மோனியத்துக்குக் குடை பிடித்த வாலிபர்களுக்கும், ஒவ்வொரு ஞாயிறும் தரையைத் துடைத்துப் பிழிந்த மாதர் சங்கத்தாருக்கும் நன்றி.

மறுபடி பணம் சேர்ந்தது பெரும்பாலும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில். ஒரே பூசணிக்காயை மூன்று பேர் எடுத்து, பணத்தையும் கட்டி, காயைத் திரும்ப ஏலத்துக்கே விட்டார்கள்.

கழற்றிய மரத்தில் நல்ல துண்டுகளை விற்காமல், வெளிவாசலில் தண்ணீர்ப் பானை மேடை கட்டியிருக்கிறோம். இந்த யாங்கூனில் பௌத்தர்கள் தெருவோரம் மூடியிட்ட பானை வைத்து வழிப்போக்கர் தாகம் தீர்ப்பது தலைமுறை வழக்கம். நாமும் அதில் குடித்தவர்கள்தானே. சைக்கா என்னும் பக்க இருக்கை வைத்த மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள் முதல் வாரமே நிழல் பார்த்து அங்கே நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். டம்ளரைச் சங்கிலியில் கட்டுவதா என்று, கூரைக்குச் செலவிட்டதைவிட அதிக நேரம் பேசினோம். கட்டவில்லை. இரண்டு டம்ளர் போயிற்று; வேறு வைத்தாயிற்று.

கட்டுவது சுலபம், நிரப்புவதுதான் வேலை. கரண்ட் வரும்போது மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்ப ஆள் வேண்டும். பானையைத் தினமும் கழுவாவிட்டால் பாசி பிடிக்கும். முறைப்பட்டியல் வெஸ்ட்ரி (ஆலயப் பக்க அறை) கதவில் ஒட்டியிருக்கிறது. கமிட்டியார் பெயர்களை முதலில் எழுதியிருக்கிறோம். ரசீதுகளும் கணக்குப் புத்தகமும் உள்ளே மேசையில் இருக்கின்றன. ஆராதனை முடிந்து யாரும் பார்க்கலாம்.

வெள்ளி, சனி இரண்டு நாளுக்கும் இன்னும் ஆள் வரவில்லை.

திருப்பணிக் கமிட்டிக்காக,
செயலாளர்