குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பணி ஓய்வுக்குப் பின் இக்குடியிருப்பைத் தம் இல்லமாக்கிக்கொண்ட சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உறுப்பினர்கள் தத்தம் விருப்பக் கலைகளில் ஈடுபடும் வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும் என்பது சென்ற பொதுக்குழுவின் தீர்மானம். அதை நிறைவேற்றும் வேகத்தில் செயற்குழு முதலில் தவறு செய்தது என்பதைப் பதிவு செய்வது என் கடமை. வாரம் முழுவதற்கும் கால அட்டவணை போட்டு, பயிற்றுநர்களை வரவழைத்து, பொதுக்கூடத்தை நிகழ்ச்சிகளால் நிரப்பினோம். தொடக்கத்தில் நல்ல கூட்டம். சில மாதங்களில் முன்வரிசை நாற்காலிகளே நிரம்பவில்லை. காரணம் விசாரித்தபோது ஓர் உறுப்பினர், "பணிக்காலம் முழுவதும் மணி பார்த்துத்தான் ஓடினேன்; இங்கேயும் மணி அடித்தால்தான் தூரிகையைத் தொட வேண்டுமா?" என்று கேட்டார். அதன்பின் அட்டவணையைப் பாதியாகக் குறைத்து, அறைகளை நாள் முழுவதும் திறந்து வைத்தோம். இவ்வாண்டின் பணிகளுள் பயன் மிகுந்தது இந்த முடிவே என்பது என் கருத்து.

திறந்த அறையில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பூத்தையல் மேசையில் அமரும் அம்மையார் ஒருவர், மாலையில் கருநீல நூலும் கறுப்பு நூலும் தமக்கு ஒன்றுபோலவே தெரிவதாகவும், மறுநாள் காலையில் பார்த்தால் தைத்த இதழை முழுவதும் பிரிக்க வேண்டியிருப்பதாகவும் கூறினார். இனித் தம்மால் ஆகாது என்று ஊசிப்பெட்டியை மூடிவிடும் மனநிலையில் இருந்தார். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சள் நிறம் கொள்வதால் நீலச் சாயல்களைப் பிரித்தறிவது கடினமாகிறது. கண்பாவையும் சுருங்குவதால் இளையோருக்குப் போதும் வெளிச்சம் மூத்தோருக்குப் போதுவதில்லை. எனவே மேசையைச் சன்னலோரம் நகர்த்தி, ஒவ்வோர் இருக்கைக்கும் வளைத்துத் திருப்பக்கூடிய வெள்ளொளி விளக்கைப் பொருத்தினோம். பக்கத்து இருக்கைக்காரர், ஒவ்வொரு நூல்கண்டின் மேலும் நிறத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக் கொடுத்தார். அம்மையார் இன்றும் தைத்துக்கொண்டிருக்கிறார். தனி வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பெட்டி மூடியேதான் கிடந்திருக்கும்.

இங்கிலாந்தின் மேரி டெலானி, கணவரை இழந்த பின், தம் தோழியான போர்ட்லாந்து சீமாட்டியின் மாளிகையில் ஆண்டுதோறும் நெடுநாள் தங்குவது வழக்கம். தாவரவியலாளர்கள் வந்துபோன அந்த இல்லத்தில்தான், 1772ஆம் ஆண்டில், 72 வயதில், வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டி மலர்களை உருவாக்கத் தொடங்கினார். பார்வை மங்கும்வரை சுமார் பத்து ஆண்டுகளில் அவர் செய்த 980க்கும் மேற்பட்ட மலர்ப்படங்கள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. திறமை அவருடையது, அதற்கு இடமும் பொருளும் பார்த்து மகிழும் கண்களும் அந்த இல்லத்தில் வாய்த்தன. நம் சங்கத்தின் வேலையும் அதுதான்.

இசையறை குறித்து வந்த முறையீட்டை மறைக்கலாகாது. வயலின் பயிற்சியால் பகல் தூக்கம் கெடுகிறது என்று சிலர் எழுதிக்கொடுத்தனர். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. அறையையே மூடிவிடலாம் என்ற யோசனையை நான் எதிர்த்தேன். இசையமைப்பாளர் வெர்டி, மூத்த இசைக்கலைஞர்களுக்காக மிலான் நகரில் கட்டிய இல்லம், அவர் மறைந்த மறு ஆண்டான 1902இல் திறக்கப்பட்டு இன்றும் இயங்குகிறது. அங்கே இளம் இசை மாணவர்களும் உடன் தங்குகிறார்கள். வாசிப்பவர் வாசிப்பதற்கும் உறங்குபவர் உறங்குவதற்கும் ஒரே கூரை போதும். வேண்டியது ஏற்பாடு மட்டுமே. இசையறையைக் கட்டடத்தின் கடைக்கோடிக்கு மாற்றி, கதவிடுக்குகளில் ரப்பர் பட்டை பொருத்தி, நண்பகலுக்குப் பின் இரண்டு மணி நேரத்தை அமைதி வேளையாக அறிவித்தோம். அதன்பின் முறையீடு இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 65 வயதைக் கடந்தோருக்கு வாரத்தில் குறைந்தது 3 நாள்கள் உடற்சமநிலைப் பயிற்சிகளைப் பரிந்துரைக்கிறது. நம் நடனக் குழுவினர் அதை உடற்பயிற்சி என்ற நினைப்பே இல்லாமல் செய்துவருகிறார்கள். நூலகமும் தோட்டமும் வழக்கம்போல் நடைபெற்றன. எந்தக் குழுவிலும் சேராமல் தனியே அமர்ந்து படிக்க விரும்புவோரை வற்புறுத்த வேண்டாம் என்று தன்னார்வலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாகக் குடிவருவோருக்கான கடிதத்தில் இவ்வாண்டு இரண்டு செய்திகளைச் சேர்த்துள்ளோம். பெரிய வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் கருவிகளை முதலில் கொடுத்துவிட்டு, வந்தபின் வருந்தியவர்கள் நம்மிடையே பலர். ஆகவே கடைசல் இயந்திரமோ தையல் இயந்திரமோ எதையும் விற்பதற்கு முன் அதன் நீள அகலத்தை அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும். முடியாமல் போகும்வரை காத்திராமல், புதிய நட்பைத் தேடிச் செல்லும் தெம்பு இருக்கும்போதே வருவது நல்லது என்பது மற்றொன்று.

இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது. அவர்களுள் ஒருவரின் உளிகளை அவர் குடும்பத்தார் மரவேலைப் பட்டறைக்கே அளித்துள்ளனர். விரல் மூட்டு வலிக்காக அவர் துணி சுற்றித் தடிமனாக்கிய கைப்பிடிகள் அப்படியே இருக்கின்றன. அதே வலியுள்ள இன்னோர் உறுப்பினர் இப்போது அவற்றைப் பயன்படுத்துகிறார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்