நெல் ரகம் வெளியிடும் ஆராய்ச்சி நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆடுதுறையிலும் கோவையிலும் மற்ற நிலையங்களிலும் நெல் ஆராய்ச்சி செய்யும் எல்லோருக்கும் வணக்கம்.

நேராகவே கேட்கிறேன். புது ரகம் வரும்போது வயது எத்தனை நாள், என்ன மகசூல், குலைநோய் தாங்குமா, புகையான் தாங்குமா என்றெல்லாம் விவரம் தருகிறீர்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த வயலில் அது எப்படி வளரும் என்பதையும் அதே துண்டறிக்கையில் போடுங்கள்.

50 கிலோ டி.ஏ.பி. உர மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. அடியுரமாகப் போட்டதில் அந்தப் போகத்துப் பயிர் எடுப்பது கொஞ்சம்தான்; மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு மண்ணில் சுண்ணாம்போடும், செம்மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும் பிணைந்து மண்ணிலேயே தங்கிவிடுகிறது. இவ்வளவுக்கும் அந்த உரத்தின் மூலப்பொருளில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்துதான் நமக்கு வருகிறது.

பயிர் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. செல்லுக்குள் வாக்குவோல் என்ற பெரிய பை இருக்கிறதே, அதுதான் பாஸ்பேட்டுக்கு, அதாவது பயிர் உறிஞ்சும் வடிவிலுள்ள மணிச்சத்துக்கு, பத்தாயம். சத்து தாராளமாக இருக்கும்போது உபரியை அதில் சேர்த்து வைக்கிறது, தட்டுப்பாடு வந்தால் வெளியே எடுக்கிறது. அப்படி எடுத்துவிடும் இரண்டு கடத்திப் புரதங்களை, விபிஇ1, விபிஇ2 என்று பெயர், 2019இல் சீன ஆய்வாளர்கள் நெல்லில் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் செயலிழக்கச் செய்த செடியில் வாக்குவோலுக்குள் பாஸ்பேட் அதிகமாகத் தேங்கியது, ஆனால் சத்துக் குறைவில் செடி வளர முடியாமல் திணறியது. இருப்பு இருந்தும் எடுக்க வழியில்லை! இதற்கெல்லாம் மேலே பிஎச்ஆர்2 என்ற புரதம் இருக்கிறது. சத்து போதுமானபோது எஸ்பிஎக்ஸ் புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். குறைந்ததும் விட்டுவிடும், உடனே அது பாஸ்பேட்டை உறிஞ்சும் கடத்திகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடும்.

அப்புறம் கசலத். நம் நாட்டுப் பழைய ரகம். அதிலிருந்துதான் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பிஸ்டால்1 மரபணுவை எடுத்து 2012இல் வெளியிட்டார்கள். சத்துக் குறைந்த மண்ணில் இளம்பருவத்திலேயே வேரைப் பெருக்கிக்கொடுக்கும் மரபணு அது. இன்றைய ரகங்கள் பலவற்றில் இது இல்லை. முழு உரம் போட்ட பாத்தியிலேயே தேர்வு செய்துகொண்டு போனால் இப்படிப்பட்ட குணம் கண்ணில் படாமல் நழுவிப்போகத்தான் செய்யும், இது என் உறுதியான கருத்து.

அதனால் ஒவ்வொரு ரகச் சோதனையிலும் மணிச்சத்து இடாத பாத்தி ஒன்று வையுங்கள். ஒரு விஷயம், டி.ஏ.பி.யில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருப்பதால், அதை மட்டும் நிறுத்தினால் தழைச்சத்தும் குறைந்து கணக்கு தப்பிவிடும். அந்தத் தழைச்சத்தை யூரியாவில் ஈடுகட்டுங்கள். மண் பரிசோதனையில் மணிச்சத்து குறைவாக இருக்கும் வயலாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நட்ட ஒரு மாதத்தில் தூர்களை (அடியிலிருந்து வெடிக்கும் கிளைகளை) எண்ணுங்கள், ஏனென்றால் இந்தக் குறை முதலில் காட்டுவது அங்கேதான்: தூர் கட்டாமல், இலை கரும்பச்சையாகக் குத்திட்டு நிற்கும், மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பயிர் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். அறுவடை மகசூலையும் அருகருகே அச்சிடுங்கள், உரமிட்டதில் இவ்வளவு, இடாததில் இவ்வளவு என்று. மோசமாக வந்த ரகத்துக்கும் சேர்த்துத்தான்.